அவங்க, நாலு

"அவங்க. நாலு," என்று சொல்லிவிட்டுக் கிருபாகரன் கண்ணைச் சிமிட்டினான். வார்த்தையைக்கூட மன்னித்துவிடலாம், அந்தச் சிமிட்டலைத்தான் திலகராஜால் தாங்க முடியவில்லை. நீயும் நானும் ஒரே மண்டைதானே, உனக்கா புரியாது என்கிற சிமிட்டல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, கோயம்புத்தூர் மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டு, கிருபாகரன் வீட்டு ஹாலில் பாயை விரித்து நாலு பேரும் ஆட உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, வெள்ளையாகக் கிடந்த பின்பக்கத்தில் சீட்டுக்கு ஒரு சொல்லாகக் கிருபாகரனின் மனைவி சுகந்தி தன் டீச்சர் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அதைப் பாயில் பரப்ப வேண்டியது. கட்சிக்கு ஒருத்தர் கையில் விடைத்தாள், எந்தச் சொல் எந்தக் கட்சிக்கு என்பது அவருக்கு மட்டும் தெரியும். அவர் ஒரே ஒரு வார்த்தையும் ஒரு எண்ணும் சொல்லுவார். அந்த வார்த்தையோடு ஒரு கூட்டாகச் சேருகிற சீட்டுகளை, எண்ணிக்கை பிசகாமல், கூட்டாளி தொட்டுக் காட்ட வேண்டும். போன முறை சுகந்தி "விடிகாலை, மூணு" என்றாள். அவள் கூட்டாளி எழிலரசி, திலகராஜின் மனைவி, பால், கோலம், சேவல் என்று மடமடவெனத் தொட்டுவிட்டாள். பெண்கள் கட்சிக்கு இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி, ஆண்கள் கட்சிக்கு நாலு. அதனால் கிருபாகரன் ஒரே அடியில் நாலையும் அள்ளப் பார்த்தான். அவன் எதிலும் அப்படித்தான்.

"அவங்களா? அதென்னங்க க்ளூவு," என்று ஆரம்பித்த சுகந்திக்கு, சொல்லி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. பாயைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏனுங்க, புள்ளைங்க இருக்கற ஊட்ல பேசற பேச்சா இது."

"ஒரு வார்த்தைதான சொன்னேன்? ஒரு நம்பர்தான? சட்டப்படி சரி. நீ மணல் கடியாரத்தக் கவுத்து," என்றான் கிருபாகரன். "பங்காளி, ரொம்ப யோசிக்காத. பட்டுனு என்ன தோணுதோ அதத் தொடு."

பட்டென்று தோன்றிவிட்டது, அதுதான் வினை. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. செருப்பு, மாடு, மேளம், சுடுகாடு. உப்பும் ரயிலும் வக்கீலும் தொப்பியும் மல்லிகையும் ஊசியும்கூடப் பாயில்தான் கிடந்தன, ஆனால் அவையெல்லாம் மங்கிப்போய், இந்த நாலும் மட்டும் துருத்திக்கொண்டு நின்றன. அவங்க என்றால் யார் என்று அவனுக்குத் தெரியாதா, அவனே அவங்கதானே. இந்த வீட்டில் அது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் சங்கதி. ஆறு வருஷமாகத் தெரியாது. பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்த பிளாஸ்டிக் மணல் கடிகாரத்தைச் சுகந்தி கவிழ்த்து வைத்தாள், நீல மணல் இறங்க ஆரம்பித்தது. தொட்டுத் தொலைத்தால் என்ன, விரலை நாலு இடத்தில் வைக்க வேண்டியது, கிருபாகரன் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவான், எல்லோரும் சிரிப்பார்கள், காபி வரும், முடிந்தது. தொடாமல் விட்டால்? ஏன் தொடலை என்று கேட்பான். சும்மா கேட்கிற ஆள் இல்லை அவன், பிடித்தால் விடமாட்டான், இது தெரியாம எப்படி இருக்கும் பங்காளி உனக்கு என்பான், பிறகு ஒரு நாள் பைக்கில் சிக்னலில் நிற்கும்போது அவனுக்கே தோன்றும், அன்னிக்கு ஏன் அவன் முகம் அப்படிப் போச்சு என்று. அப்படி ஒரு சிக்னலில்தான் எல்லாம் கிளம்பும். வேண்டுமென்றே தப்பாகத் தொடலாம். உப்பைத் தொடலாம், தொப்பியைத் தொடலாம், அசடு வழியலாம். பம்பு கம்பெனியில் டிசைன் செக்‌ஷன் ஹெட்டாக இருக்கிறவன், மனக்கணக்கில் புலி என்று பெயர் எடுத்தவன், பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரிகிறது தெரியவில்லை என்றால் நம்புவார்களா. அட, நம்பட்டும் நம்பாமல் போகட்டும், எதையாவது தொடு என்று கைக்குச் சொன்னான், கை மடியிலேயே கிடந்தது.

பங்காளியாம் பங்காளி. அந்த வார்த்தை வந்த கதையே கேவலமான கதை. எதிர்வீட்டுக்கு வாடகைக்கு வந்த புதிதில், லிஃப்ட் ரிப்பேராகி இரண்டு பேரும் படியேறிக்கொண்டிருந்தபோது, மூச்சு வாங்க வாங்கக் கிருபாகரன் கேட்டான், "ஊரு எந்தப் பக்கமுங்க?" தாராபுரம் பக்கம். "அப்டீங்களா. என்ன கூட்டமுங்க நீங்க?" இந்தப் பக்கத்து ஆட்கள் கேட்கிற கேள்விதான், ஒரே சாதிக்குள்ளே எந்தக் கிளை என்று தெரிந்துகொள்ளக் கேட்பது. சாதி என்ன என்று கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பான். கிருபாகரன் அதைக் கேட்கவே இல்லை, அதைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போய்விட்டான், நல்ல சட்டை போட்டு நிதானமாகப் பேசுகிறவன் வேறு யாராக இருக்க முடியும் என்று அவனாகவே முடிவு கட்டிவிட்டான். திலகராஜ் மென்று முழுங்கி, "நீங்க?" என்றான். அவன் தன் கூட்டத்துப் பேரைச் சொன்னான். திலகராஜ் தலையை ஆட்டினான். அப்படியா என்று ஆட்டியதுதான் அது. நானும் அதேதான் என்று கிருபாகரன் எடுத்துக்கொண்டான். "அட, அப்ப நம்ம பங்காளியா நீயி," என்று தோளில் கை போட்டபோது நீங்க போய் நீ ஆகிவிட்டது. இல்லைங்க என்று சொல்ல இன்னும் ஒரு மாடிப் படி இருந்தது, முழுசாக ஒரு மாடி. சொல்லவில்லை. வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்தது போல ஏறிப்போய்ச் சேர்ந்தான். அன்றைக்குச் சாயங்காலமே சுகந்தி ஒரு கிண்ணத்தில் பணியாரத்தோடு வந்து, திலகராஜின் மகள் யாழினியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நான் உனக்குப் பெரியம்மாளாக்கு, தெரியுமா கண்ணு" என்றாள். அப்போது யாழினிக்கு நாலு வயசு. பங்காளி மனைவி பெரியம்மாதானே, முறை சரிதான். ஆட்டிய தலை பொய், அதன் மேல் கட்டிய முறையெல்லாம் நிஜம். இதை எங்கே போய்ச் சொல்லுவது.

நிஜம்தான், சும்மா சொல்லக்கூடாது. எழிலரசி சாயப்பட்டறை லேபிலிருந்து வர ஏழு ஆகும், திலகராஜ் வர அதற்கும் மேல் ஆகும், ஸ்கூல் பஸ்ஸில் இறங்குகிற பிள்ளைக்குப் பால் ஆற்றிக் கொடுத்தவள் சுகந்தி, பேன் பார்த்துத் தலை பின்னிவிட்டவள் சுகந்தி, டெங்கு வந்து பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லீவு போட்டுவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவள் சுகந்தி. இப்போதும் உள் அறையில் யாழினியும் இவர்கள் பெண் நிவேதாவும் ஒரே போர்வைக்குள் கிடந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சிரிப்புச் சத்தம் கேட்கிறது, எது யார் சிரிப்பு என்று பிரிக்க முடியவில்லை. இது போய்விடும். அதுதான் பயம், வேறென்ன. தன் மானம் போனால் போகட்டும், அது எத்தனையோ தடவை போய்த் திரும்பி வந்ததுதான். பிள்ளைக்கு இந்த வீடு போய்விடும். யாரும் வெளியே போ என்று சொல்லப்போவதில்லை, அப்படிச் சொன்னால்கூடப் பரவாயில்லையே. ஒன்றுமே சொல்லமாட்டார்கள். ஈரோட்டில் குடியிருந்தபோது வீட்டுக்கார அம்மா ரொம்ப நல்ல அம்மா, எவர்சில்வர் டம்ளரில் நுரை ததும்ப ஆற்றிக் காபி கொடுக்கும். மச்சினி கல்யாணப் பத்திரிகையை மரியாதைக்காகக் கொண்டுபோய் நீட்டினான். அதில் அச்சடித்திருந்த, நீலக் கோட்டுப் போட்ட தலைவர் படத்தை அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தது, நல்லபடியா நடக்கட்டும் தம்பி என்றது. மறுநாள் காபி பேப்பர் கப்பில் வந்தது. டம்ளரு கழுவ ஆளில்லீங்க தம்பி, வேலைக்காரி நின்னுட்டா என்றது. வேலைக்காரி கொல்லையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அந்தச் சத்தத்திலேயே அவன் அந்தக் காபியைக் குடித்தான். நல்லா இருக்குங்கம்மா என்று வேறு சொன்னான்.

இந்தச் சீட்டெல்லாம் பத்திரிகைதானே. திருப்பிப் பார்த்தால் எவன் எவன் வீட்டுக் கல்யாணமோ, இன்னார் பேரன் இன்னார் மகன் என்று கூட்டமும் ஊரும் பாதி பாதியாக வெட்டுப்பட்டுக் கிடக்கும். அவன் வீட்டுப் பத்திரிகை ஒன்றுகூட இதில் இல்லை. ஈரோட்டுக்குப் பிறகு யாருக்கும் எதையும் நீட்டுவதில்லை என்று வைத்துவிட்டான். செருப்பு என்கிற சீட்டின் ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது தெரிந்தது. மஞ்சளைப் பார்க்காதே, மணலைப் பார். மணலையும் பார்க்காதே. இடது பக்கத்தில் எழிலரசி உட்கார்ந்திருக்கிறாள், அவளைப் பார்க்கவே பார்க்காதே. அவளுக்கும் புரிந்திருக்கும், அவள் அவனைவிட வேகம். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டிருக்கிற கை கண்ணோரத்தில் தெரிகிறது, அசையவே இல்லை. இவன் எதைத் தொடப்போகிறான் என்று பார்க்கிறாள். கிருபாகரன் பார்ப்பதைவிட அவள் பார்ப்பதுதான் அதிகமாகக் குத்தியது.

மேளம். இந்த ஆடியில் சித்தப்பா செத்துப் போனார். அப்பாவுக்கு அடுத்து அவனைத் தூக்கி வளர்த்த மனுஷர், ஸ்கூலில் வருஷா வருஷம் ஜூன் மாதம், "உதவித்தொகை வாங்கறவனெல்லாம் எந்திரிங்கடா" என்று கிளார்க் வந்து கத்தும்போது எழுந்து நிற்க வெட்கப்பட்டு அவன் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று அழுதபோது, எந்திரிச்சு நிக்கறதுக்கு என்னடா, உக்காந்திருக்கறவனைவிட நீ ஒசரமாத்தான தெரிவே என்று சிரித்த மனுஷர். சிரித்தது சரி, அவன் எழுந்து நிற்கும்போது பக்கத்துப் பையன் காலை ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டது அவருக்கு எங்கே தெரியும். அந்தச் சித்தப்பா சாவுக்குப் போவதற்குக் கிருபாகரனிடம், ஆபீஸ் வேலையாகத் திருச்சி போகிறோம், எழிலும் கூட வருகிறாள் என்று சொல்லிவிட்டு, யாழினியை இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போனான். யாழினி அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. தூரம், வெயில், தண்ணி ஒத்துக்காது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. அங்கே பெரியப்பா மகன்தான் மேளம் அடித்தான். அந்த அடி காதில் விழுந்ததும் திலகராஜுக்கு அடக்கமாட்டாமல் அழுகை வந்தது, உடம்பெல்லாம் ஆடியது, எத்தனையோ வருஷம் கழித்து அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதான். அழுது முடித்து, திரும்புகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகளுக்கு ஜாங்கிரி வாங்கினான். திருச்சி என்று சொன்னது நம்பும்படி இருக்க வேண்டுமே. பாக்கெட்டில் கடைப் பெயரும் ஊரும் இருந்த லேபிளைப் பஸ்ஸிலேயே கிழித்து எறிந்தான். எழிலரசி அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாடியில் துணி உலர்த்தும்போது சொன்னாள், "இவங்ககிட்டச் சொல்லாட்டியும் போவுது. புள்ளைகிட்டயாச்சும் சொல்லணும்ல. அது யாருன்னு அதுக்கே தெரியாம வளருது." சின்னப் பிள்ளை, வாய் தவறி இங்கே வந்து உளறிவிடும், நேரம் வரட்டும் என்றான். நேரம் வரட்டும். கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு அவள் அவனைப் பார்த்தாள், நேரம் என்ன பஸ்ஸா, வந்து நிற்க.

சொல்லிவிடலாமா. இப்போதே. இதுதான் அந்த நேரமோ என்னவோ. கிருபா, நீ சொன்ன அவங்க நான்தான். எவ்வளவு சின்ன வாக்கியம், அவ்வளவுதான், ஒரு மூச்சுகூட வேண்டாம். சுகந்தி முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தான். அவள் நல்லவள், அவள் அழக்கூடச் செய்வாள், ஐயோ நாங்க அப்படியெல்லாம் நினைக்கலீங்க என்பாள், உண்மையாகவே சொல்வாள். கிருபாகரன் அடேய் இதுக்கா இத்தனை நாளு என்று சத்தம் போட்டுக் கட்டிப்பிடிப்பான். பிடிக்கலாம். இன்றைக்குப் பிடிப்பான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிவேதாவுக்குப் பரீட்சை என்பார்கள். அதற்கடுத்த வாரம் விருந்தாளி. தீபாவளிக்குப் பலகாரம் வரும், தட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறந்துவிடுவார்கள். யாழினி போய்க் கதவைத் தட்டுவாள், நிவி தூங்கறா கண்ணு என்பார்கள், பிள்ளை திரும்பி வந்து, ஏம்பா நிவி எப்பப் பாத்தாலும் தூங்கறா என்று கேட்பாள். அந்தக் கேள்வி வரும், அது நிச்சயம் வரும். சொல்லாதே. தொட்டுவிடு. தன் சொந்தக் கையால் தன் சித்தப்பாவை, தன் அப்பாவை, தன்னை நாலு சீட்டாகத் தொட்டுக் காட்டிவிட்டுக் காபி குடி. இதற்கு முன்னால் செய்யாததா. ஆபீஸில் கேன்டீனில் எத்தனை பேச்சுக்குச் சிரித்திருப்பான், கோட்டாவுல வந்தவன் வரைஞ்ச டிராயிங்கா என்று ஒருத்தன் சொன்னபோதுகூட உதட்டை இழுத்து வைத்தானே. கை மட்டும் ஏன் இப்படி அடம் பிடிக்கிறது என்று தெரியவில்லை.

"மணல் எறங்குது பங்காளி. என்ன, ஜெபம் பண்றியா?" என்றான் கிருபாகரன்.

"அவருக்கு அந்த மாதிரி எல்லாம் நெனப்பு ஓடாதுங்க. எல்லாரும் உங்கள மாதிரியா," என்றாள் சுகந்தி, பரிந்து பேசுகிறாளாம். அதைக் கேட்டதும் திலகராஜுக்கு ஒரு வழி தெரிந்த மாதிரி இருந்தது. அப்படியே இருந்துவிடலாம், அந்த மாதிரி நினைப்பு ஓடாத உத்தமனாகவே இருந்துவிட்டுப் போகலாம், மணல் இறங்கிவிட்டால் தோற்றுப் போனதாகிவிடும், தோற்ற கட்சி பாத்திரம் கழுவ வேண்டும், அவ்வளவுதானே, அதில் அவனுக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. மேல் குமிழில் மணல் கொஞ்சம்தான் இருந்தது. மனசு லேசாக இறங்கியது. எழிலரசி பக்கம் திரும்பிப் பார்க்கலாம் போலக்கூட இருந்தது.

அப்போதுதான் முதுகில் ஒரு கனம் வந்து சாய்ந்தது. யாழினி. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள், கையில் பாட்டிலோடு அவன் முதுகில் தொங்கிக்கொண்டு தோளில் மோவாயை வைத்தாள். சுகந்தி எண்ணெய் வைத்துப் பின்னிய தலை, அந்த வாசனை.

"என்ன க்ளூ பெரீப்பா?"

"அவங்க. நாலு. உங்கப்பன் முழிக்கறான் பாரு கண்ணு."

"அவகிட்ட எதுக்குங்க அதெல்லாம்," என்றாள் சுகந்தி.

"நீ உள்ள போம்மா," என்றான் திலகராஜ். சத்தம் வரவில்லை போலிருக்கிறது, அல்லது வந்தும் அவள் கேட்கவில்லை. பாயை ஒரு சுற்றுப் பார்த்தாள், அவன் தோளுக்கு மேலாக அவள் கை நீண்டது, மருதாணி போட்ட சின்னக் கை. "இது," என்று மாட்டைத் தொட்டாள். கிருபாகரன் விடைத்தாளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான். "இது." மேளம். "அப்புறம் இது." சுடுகாடு. பிறகு ஒரு நொடி நின்று, ரயிலைத் தாண்டி, மல்லிகையைத் தாண்டிப் போய், விரலைச் செருப்பின் மேல் வைத்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. கடைசி மணல் அப்போதுதான் இறங்கியது.

கிருபாகரன் விடைத்தாளை விசிறிப் போட்டுவிட்டுக் கை தட்டினான். சுகந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது, "அடி கள்ளி, உனக்கெப்படிடீ தெரியும்" என்றாள்.

"டான்ஸ் க்ளாஸுக்குக் கார்ல போற வழில இருக்குல்ல பெரீம்மா. பெரீப்பாதான் காட்டுவாரு. சுடுகாட்டுகிட்டத் திரும்பறப்போ, கண்ணாடிய ஏத்திக்குங்க கண்ணுகளா, அவங்க ஏரியா வந்துருச்சும்பாரு. நானும் நிவியும் மூக்கப் பொத்திக்குவோம்." பொத்திக் காட்டினாள். "அங்க மாடு படுத்திருக்கும். மேளம் மாட்டி வெச்சிருப்பாங்க. செருப்புத் தெக்கற தாத்தா ஒருத்தரு இருப்பாரு, எங்களப் பாத்துக் கை ஆட்டுவாரு. நாங்க ஆட்ட மாட்டோம்."

"பாத்தியா பங்காளி," என்று கிருபாகரன் எட்டி அவள் கன்னத்தைக் கிள்ளினான். "நம்ம ஊட்டுப் புள்ளடா இது."

யாழினி அப்பா முதுகிலிருந்து இறங்கி முன்னால் வந்து பாயில் மண்டியிட்டாள். ஜெயித்த முகம். எல்லோரும் பாராட்டியாகிவிட்டது, அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லையே என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் மூக்கு அப்படியே சித்தப்பாவின் மூக்கு என்று எழிலரசி எப்போதும் சொல்லுவாள், அவனுக்கு இன்றைக்குத்தான் அது தெரிந்தது. பிள்ளை இந்த வீட்டில் வளரட்டும் என்றுதானே வாயை மூடிக்கொண்டு இருந்தான். வளர்ந்துதான் இருக்கிறாள். நன்றாகவே வளர்ந்திருக்கிறாள்.

"இது ரொம்ப ஈஸிப்பா," என்றாள் யாழினி. "உங்களுக்கு ஏன் தெரியல?"

கிருபாகரனும் சுகந்தியும் சிரித்த முகத்தோடு அவன் பதிலுக்குக் காத்திருந்தார்கள். எழிலரசி முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி நேராக அவனைப் பார்த்தாள். இப்போது சொன்னால் பிள்ளைக்கே சொன்ன மாதிரி இருக்கும். வாயைத் திறந்தான், சொல்லத்தான் திறந்தான்.

"அப்பாவுக்கு அவங்களத் தெரியாதும்மா," என்றான் திலகராஜ்.